அறுவடைப் பாடலும் வயலின் ஓரமும்

விளைச்சல் மனிதனின் உழைப்பால் வருவது. எனினும் அவ்வுழைப்பினால் மட்டும் வருவதன்று. மழையும் வெயிலும் மண்ணின் வளமும் அவனது கைக்கு அப்பாற்பட்டவை. இவ்விரு உண்மைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே அறுவடைக் காலத்து நன்றியுணர்வு பிறக்கின்றது. ஆயின், அந்நன்றி யாரால் கூறப்படுகின்றது, எவற்றை நினைவிற் கொண்டு, எவற்றை மறந்து கூறப்படுகின்றது என்னும் வினாக்கள் விமரிசகனுக்கு உரியன. கிறித்தவ மரபு போற்றும் அறுவடை இலக்கியங்கள் சிலவற்றை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத் திருச்சபையிலும் அதன் வழிவந்த நம் நாட்டுத் திருச்சபைகளிலும் நிகழும் அறுவடை நன்றி விழாவை மிகத் தொன்மையானதெனப் பலர் கருதுவர். அதன் இன்றைய வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குரியது. 1843இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியிலுள்ள மோர்வென்ஸ்ரோவின் குருவாயிருந்த ரொபேர்ட் ஸ்டீபன் ஹோக்கர், முதல் விளைவின் மாவினால் அப்பஞ் செய்து படைக்கும் பழைய வழக்கத்தை மீட்க விரும்பி, தம் மக்களை நன்றி வழிபாட்டிற்கு அழைத்தார். அடுத்த ஆண்டில், பின்னர் கன்ரபெரிப் பேராலயத்தின் தலைமைக் குருவான ஹென்றி அல்போர்ட், நன்றியுடையோரை விளித்துத் தொடங்கும் புகழ்பெற்ற அறுவடைப் பாடலை வெளியிட்டார். விழாவும் பாடலும் ஒன்றையொன்று வளர்த்தன எனலாம்.

அல்போர்ட்டின் பாடலில் உண்மையான வயல் முதற்பகுதியோடு மறைந்துவிடுகின்றது. மாரிக்காலப் புயல்கள் தொடங்குமுன் விளைவெல்லாம் பாதுகாப்பாக வந்து சேர்ந்தன என்ற நிம்மதி முதலிற் கூறப்படுகின்றது. அதன்பின், மத்தேயு நற்செய்தியிலுள்ள கோதுமையும் களையும் பற்றிய உவமையைத் தழுவி, உலகமே வயலாகவும் மாந்தரே பயிராகவும் மாறுகின்றனர். இறுதித் தீர்ப்பே இறுதி அறுவடை. இம்மாற்றம் பாடலின் பலமாகும். நன்றி கூற வந்தவன் தன் களஞ்சியத்தை எண்ணி மகிழ்ந்து அமைந்துவிட இயலாது; அவனே எடைபோடப்படுகிறான். வெறும் மனநிறைவுப் பாடலாக இது தாழ்ந்துபோகாமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும், பலவீனமும் அங்கேயே உள்ளது. விதைத்தவர் யார், அறுத்தவர் யார் என்பது பாடலில் இல்லை. மாரிக்காலம் யாரை அச்சுறுத்திற்று என்பதும் இல்லை. அக்காலத்து இங்கிலாந்தில் கூலி உழவனுக்குக் கையாற் கதிரடித்தல் குளிர்கால வேலையாயிருந்தது. கதிரடி இயந்திரங்கள் அவ்வேலையைப் பறித்தமையால் 1830இல் தென் மாவட்டங்களில் உழவர் கிளர்ந்தெழுந்து அவற்றை உடைத்தனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் நாடு கடத்தப்பட்டனர். 1834இன் வறியோர் சட்டம் வேலையற்றவனை ஏழைவிடுதியின் வாசலில் நிறுத்திற்று. களஞ்சியம் நிறைந்த நாள் ஒருவனுக்குப் புயலிலிருந்து விடுதலை. மற்றொருவனுக்கு வேலையின்மையின் தொடக்கம். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே நன்றியைப் பாடுவிக்கும்பொழுது பாடல் எதனையோ மூடிச் செல்கின்றது.

யேர்மனியக் கவிஞர் மத்தியாஸ் கிளாவ்டியஸ் 1782இல் எழுதிய பாடலை இதனோடு ஒப்பிடுதல் தகும். உழவர் கூடியுண்ணும் விருந்தொன்றை வருணிக்கும் ஆக்கத்தில், அவ்வுழவர் வாயிலேயே அப்பாடல் வைக்கப்பட்டுள்ளது. உழுவதும் விதைப்பதும் தமது செயல், வளர்ச்சி தமது கையிலன்று என அவர்கள் கூறுகின்றனர். உழைப்பை மறைக்காது, அதன் எல்லையை மட்டும் உணரும் நன்றி அது. ஆனால் 1861இல் ஜேன் கம்பெல் ஆங்கிலப்படுத்தியதன் பின், உழாதவரும் உழுதவர் குரலில் பாடலாயினர். சொல் மாறவில்லை, சொல்வோர் மாறினர். பொருளும் மாறிற்று.

இப்பாடல்களில் நாம் தேடும் மனிதர் விவிலியத்தில் மறக்கப்படவில்லை என்பதே வியப்பு. வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கலாகாது, சிந்திய கதிர்களைப் பொறுக்கலாகாது, அவை எளியவர்க்கும் பரதேசிக்கும் உரியன என்கின்றது லேவியராகமம். இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் இக்கட்டளை பண்டிகைகளின் அட்டவணைக்கு நடுவிலேயே மீண்டும் வருகின்றது. விழாவும் வயலோரமும் அங்கே ஒரே சட்டம். உபாகமத்தில் முதற்பலனைக் கூடையிற் கொணர்பவன், தன் முன்னோன் அலைந்து திரிந்தவன், தன் இனம் அடிமைப்பட்டிருந்தது என அறிக்கையிட்டு, பரதேசியோடு கூடி மகிழ வேண்டும். வறுமையை நினைவுகூராத நன்றி அங்கு நன்றியன்று.

இச்சட்டம் உயிர்பெறும் இடம் ரூத்தின் கதை. பஞ்சத்தில் தொடங்கி வாற்கோதுமை அறுவடையில் வளரும் அக்கதையின் நாயகி நிலமற்றவள், கைம்பெண், மோவாபிய அந்நியப் பெண். அவளைத் தொடலாகாதென வேலையாட்களுக்குப் போவாஸ் கட்டளையிடவேண்டியிருந்தது. கதிர் பொறுக்கும் பெண்ணுக்கு வயலில் நேரக்கூடிய ஆபத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. அவள் நன்றி கூறிப் பணியும்போது, மாமிக்கு அவள் செய்தவற்றையே போவாஸ் எடுத்துக் கூறுகிறான். கொடுப்பவனே கடன்பட்டவன்போற் பேசுகின்றான். தான் உண்டு எஞ்சியதை அவள் நகோமிக்குக் கொண்டு செல்கிறாள். நன்றி மேல்நோக்கி மட்டும் செல்லாது பக்கவாட்டிலும் பாய்கின்றது. போவாஸ் இறுதிவரை நிலவுடைமையாளனே, தீர்வும் திருமணமே என்ற குறை உண்டு. எனினும் அவள் வயலிற் கால்வைத்தது சட்டம் வரைந்த உரிமையினால் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1788இல் சஃபொக் மாவட்டத்து வழக்கொன்றில், கதிர் பொறுக்கும் உரிமை பொதுச் சட்டத்தில் எவர்க்கும் இல்லையென ஆங்கில நீதிமன்றம் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. மோசேயின் சட்டத்தைச் சான்றாகக் காட்டிய வாதம் ஏற்கப்படவில்லை. பல ஊர்களில் வழக்கம் நீடித்ததாயினும் அது உரிமையென்ற நிலையிலிருந்து சலுகையாகத் தாழ்ந்தது. அதற்கு 55 ஆண்டுகளின் பின்னரே ஹோக்கரின் விழா பிறந்தது. 1857இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே, தொலைவில் குவிந்த போர்களையும் முன்னால் குனிந்த மூன்று பெண்களையும் வரைந்து, பாடல்கள் காணாததைக் கண்முன் நிறுத்தினார்.

இதனால் அறுவடை நன்றி பொய்யென்று கூறுதல் பொருந்தாது. நன்றியற்ற சமுதாயம் தன் விளைவனைத்தையும் தன் சாதனையென்றே கொள்ளும். அதுவும் வயலோரத்தை மறந்துவிடும். பழுது நன்றியிலன்று, அதன் நினைவின் குறுக்கத்திலேயே உள்ளது. பலிபீடத்தின்முன் நெற்கதிரையும் கனிகளையும் வைத்துப் பாடும் சபையார், அக்கதிரை அறுத்த கைகளையும் பாடலுக்குள் அழைத்துக்கொள்ளும் நாளிலேயே, லேவியராகமம் கேட்ட நன்றி நிறைவுறும்.