வீட்டுக்கா, கடைக்கா?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மீன் வாங்குவது ஒரு கலை. எனக்கு அது வராது. ஏலக்காரர் சொல்லும் தொகை எனக்குப் புரிவதற்குள் கூடை கைமாறிவிடும். அதனால் ஏலத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, சில்லறையில் விற்கும் அம்மாவிடம் பேரம் பேசித் தோற்று, அவர் சொன்ன விலைக்கே ஒரு வஞ்சிரம் வாங்கி, வெட்டித் தருகிறவரிடம் கொடுத்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். சரி என்று தெருப்பக்கம் நடந்தேன்.

காலை ஆறு மணிக்கு ஒரு டி.டி.பி. கடை திறந்திருந்தது. இதை நான் வேறு எந்தப் பேட்டையிலும் பார்த்ததில்லை. கடை என்றால், ஒரு வீட்டின் முன்னறை. நடுவில் ஒரு பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கடைக்காரர் கரை திரும்பிய ஒரு படகின் கணக்கை எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டிருந்தார். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலை ரிப்பேர் எல்லாம் கழித்து மீதியில் ஓனர் பங்கு, ஆட்கள் பங்கு. அழகான ஷீட். சில கம்பெனிகளின் பாலன்ஸ் ஷீட்டைவிடச் சுத்தம்.

ஷெல்ஃபில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி என் கண்ணில் பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007. ஒரு மூலை வளைந்து, எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று தெரியாமல் பலர் திண்டாடிய அதே டப்பா. காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல்! மியூசியத்தில் வைக்கவேண்டிய பொருள் என்றேன்.

"அதை இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தார்.

2008ல் வாங்கினாராம், ரிச்சி தெருவில் ஏதோ ஒரு கடையில். இருப்பதில் விலை குறைந்ததைக் கேட்டிருக்கிறார். 'எல்லாம் ஒண்ணுதான், உள்ள அதே வேர்டு, அதே எக்ஸெல்' என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஏற்றினார். வேர்டைத் திறந்தால் மேலே டைட்டில் பாரில், ஃபைல் பேருக்குப் பக்கத்தில், 'நான் கமர்ஷியல் யூஸ்' என்று வந்து நின்றது. எதைத் திறந்தாலும் நின்றது. ஒரு நாள் பில் அடிக்க வந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, இத்த வெச்சி நீங்க துட்டு சம்பாதிக்கக் கூடாது, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான்.

"துட்டு குடுத்து வாங்கினவன் நானு, பயந்தவனும் நானு. பக்கத்துக் கடையில பர்மா பஜார் சிடி போட்டான். அவனுக்கு மேல ஒண்ணுமே எழுதல சார்."

இந்த வாக்கியத்தைவிட நல்ல மென்பொருள் விமர்சனம் நான் படித்ததில்லை. ஆனாலும் ஒரு பத்தி எழுத்தாளனின் கடமையாக, அந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஆபீஸ் 2007 மொத்தம் எட்டு பதிப்புகளாக வந்தது. அதில் 'பேஸிக்' புது கம்ப்யூட்டரோடு மட்டும் வரும். 'எண்டர்பிரைஸ்', 'புரொஃபஷனல் பிளஸ்' இரண்டும் மொத்தமாக லைசென்ஸ் வாங்கும் பெரிய இடங்களுக்கு. கடை அலமாரிக்கு வந்தவை ஐந்து. அமெரிக்க விலையில் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 149 டாலர், ஸ்டாண்டர்ட் 399, ஸ்மால் பிஸினஸ் 449, புரொஃபஷனல் 499, அல்டிமேட் 679.

முதல் இரண்டைப் பாருங்கள். ஹோம் அண்ட் ஸ்டூடண்டில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட், ஒன்நோட். ஸ்டாண்டர்டில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட், அவுட்லுக். ஒன்நோட்டை எடுத்துவிட்டு அவுட்லுக்கை வைத்ததற்கு 250 டாலர் அதிகம். அவுட்லுக்கைத் தனியாக வாங்கினால் சுமார் 110 டாலர்தான். 149ஐயும் 110ஐயும் கூட்டினால் 259. மிச்சம் 140 டாலர் எதற்கு? போதாக்குறைக்கு விலை குறைந்த பெட்டியை வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொள்ளலாம்; விலை அதிகமானதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக அந்த 140 டாலரும் மென்பொருளுக்கு இல்லை, சம்பாதிப்பதற்கான அனுமதிக்கு. எக்ஸெல்லில் ஒரு ஃபார்முலாகூட வேறில்லை. இரண்டும் இரண்டும் இரண்டு பெட்டியிலும் நாலுதான்.

நம் ஊரில் புத்தகத்துக்கு மலிவுப் பதிப்பு உண்டு. கல்கி நாட்டுடைமை ஆனபின் 'பொன்னியின் செல்வ'னுக்கு எத்தனை மலிவுப் பதிப்புகள். தாள் மட்டம், எழுத்து பொடி, பைண்டிங் மூன்றாம் வாசிப்பில் கையோடு வரும். ஆனால் வந்தியத்தேவன் பாதி வழியில் குதிரையிலிருந்து இறங்கிவிடுவதில்லை. 'இந்தப் பிரதியை வீட்டில் மட்டும் படிக்கவும், கடையில் உட்கார்ந்து படித்தால் குற்றம்' என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்திருப்பதும் இல்லை.

இந்த யுக்திக்கு வயசு ஜாஸ்தி. அந்த டி.டி.பி. கடையிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1ல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குத் தொடங்கியது. அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1849ல், ஜூல் துப்புயி என்கிற பிரெஞ்சு எஞ்சினீயர் ரயில்வேக்களைப் பற்றி ஒரு உண்மையைப் போட்டு உடைத்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைக்கு ஆகும் செலவை நினைத்தல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்த ஆசாமி மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாதே என்றுதான். ஏழையை நனைப்பது நோக்கமில்லை, பணக்காரனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். நனைகிறவன் என்னவோ ஏழைதான்.

1990ல் ஐ.பி.எம். இன்னும் ஒரு படி மேலே போனது. நிமிஷத்துக்குப் பத்துப் பக்கம் அடிக்கும் லேசர் பிரிண்டரையே எடுத்து, வேண்டுமென்றே ஐந்து பக்கமாக வேகம் குறைத்து, 'லேசர் பிரிண்டர் ஈ' என்று விலை குறைத்து விற்றது. மெதுவாக்குவதற்குக் கூடுதல் வேலை செய்யவேண்டியிருந்தது. பொருளாதாரக்காரர்கள் இதற்கு 'சேதப்படுத்திய சரக்கு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஆளுக்கேற்ற விலை வைப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த பிரதிக்குச் செலவு அநேகமாகப் பூஜ்யம். எல்லோருக்கும் ஒரே விலை என்றால் அந்த விலை காலேஜ் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். வங்கி அதிகம் கொடுக்க, மாணவன் குறைவாகக் கொடுப்பது நியாயம்தான். எனக்குக் கோபம் கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதில். வீடு ஒரு இடம், தொழில் இன்னொரு இடம், காலையில் காரில் ஏறி அங்கே போய்விட்டு மாலையில் இங்கே திரும்புவார்கள் என்று நினைத்துக் கிழித்த கோடு அது. காசிமேட்டில் அந்தக் கோடு பூப்போட்ட திரை. இந்தப் பக்கம் ஸ்மால் பிஸினஸ், அந்தப் பக்கம் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட். கம்ப்யூட்டர் ஒன்று. காலையில் படகுக் கணக்கு, மத்தியானம் பயோடேட்டா, ராத்திரி பெண்ணின் காலேஜ் பிராஜெக்ட். எந்தப் பெட்டி வாங்குவது?

இதற்கு முந்தைய ஆபீஸ் 2003ல் இதே 149 டாலர் பெட்டியின் பெயர் 'ஸ்டூடண்ட் அண்ட் டீச்சர்'. வீட்டில் ஒரு மாணவரோ ஆசிரியரோ இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதில் அவுட்லுக்கும் இருந்தது. அடுத்த பதிப்பில் மாணவர் நிபந்தனையைத் தளர்த்தி, அவுட்லுக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலில் 'நீ யார்?' என்று கேட்டவர்கள் பிறகு 'எதுக்கு?' என்று கேட்டார்கள்.

மற்ற பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மால் பிஸினஸில் பப்ளிஷர் சேரும். நம் ஊர் டி.டி.பி.க்காரர்கள் பேஜ்மேக்கரையும் கோரல்டிராவையும் விட்டு அதன் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அதற்கு மைக்ரோசாஃப்ட்டே 2026 அக்டோபர் என்று முடிவுநாள் குறித்துவிட்டது. புரொஃபஷனலில் ஆக்சஸ். முப்பது படகுக்குக் கணக்கு வைத்திருந்தால் உபயோகம். அல்டிமேட்டில் இன்ஃபோபாத், குரூவ் என்று இரண்டு சமாசாரங்கள். 679 டாலர் கொடுத்து வாங்கினவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ. இன்ஃபோபாத்தின் கடைசிப் பதிப்பு 2013. குரூவ் 2010ல் பெயர் மாறி, பிறகு காணாமலே போய்விட்டது. கள்ள சிடிக்காரர்கள் மட்டும் எப்போதும் கடையில் கிடைக்காத எண்டர்பிரைஸ் பதிப்பையே போட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரைத் தரம் பிரிப்பதில்லை.

அப்போதே வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. 2005ல் மத்திய அரசு இலவசமாகக் கொடுத்த தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழ் மெனுவோடு பாரதீய ஓப்பன் ஆபீஸ் இருந்தது. 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். 2010ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸ் இன்றும் நன்றாக இருக்கிறது. ஒரே பதிப்பு. வீட்டுக்கும் அதுதான், துறைமுகத்துக்கும் அதுதான், விலை இல்லை. கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"போட்டுப் பாத்தேன் சார். கஸ்டமர் வாட்ஸ்அப்ல வேர்டு ஃபைல் அனுப்பறான். தொறந்தா டேபிள் எல்லாம் நகந்து போவுது. அவன் என்னியதான் திட்டறான்."

அவர் சொல்வதில் உண்மை உண்டு. லிப்ரே ஆபீஸிலேயே ஆரம்பித்து அதிலேயே முடிக்கிற வேலைக்குக் குறை சொல்ல முடியாது. அடுத்தவரின் வேர்டு ஃபைலை அச்சு அசலாகத் திறக்கவேண்டிய கடைக்கு அது சங்கடம். ஊரில் எல்லோரும் ஒரு பாஷை பேசும்போது நீங்கள் மட்டும் இலக்கணசுத்தமாக இன்னொன்று பேசி என்ன பயன்?

இப்போது அவர் மேஜையில் இருப்பது புது கம்ப்யூட்டர். பழசை உப்புக்காற்று தின்றுவிட்டது. இங்கே மதர்போர்டுகள் அற்பாயுசு. புதியதோடு 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021' ஏற்றியே வந்துவிட்டது. "இதுலயும் அதே தொல்லையா சார்?" என்று கேட்டார். அதே தொல்லைதான். இதன் உரிமமும் வியாபாரத்துக்கு இல்லை. கூடவே புதுத் தொல்லை ஒன்று. 2007ன் கடைப் பெட்டியைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். மெஷினோடு ஏற்றி வருவது அந்த மெஷினோடு உடன்கட்டை ஏறும். ஆபீஸ் 2013ல் கடைப் பெட்டிக்கே இந்த விதியைக் கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த வருஷம் மார்ச்சில் பின்வாங்கினார்கள்.

2024 பதிப்பில் பெயர்களைச் சுருக்கியிருக்கிறார்கள். 'ஹோம்', 'ஹோம் அண்ட் பிஸினஸ்'. வித்தியாசம் பழைய கதைதான்: அவுட்லுக், அப்புறம் சம்பாதிக்கும் உரிமை. என்னைக் கேட்டால் தனி ஆள் கடைக்கு, வேர்டு கட்டாயம் வேண்டுமென்றால், இந்த இரண்டாவதை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி ஐந்தாறு வருஷம் ஓட்டுவது உத்தமம். வாசகர்களில் கடிதம் மட்டும் அடிக்கிறவர்கள், பிள்ளைகளின் ஹோம்வொர்க்குக்கு வேண்டுகிறவர்கள், எதுவும் வாங்காதீர்கள். லிப்ரே ஆபீஸ் போதும். இல்லையென்றால் பிரவுசரிலேயே கிடைக்கும் இலவச வேர்டு.

மாதச் சந்தாவில் வரும் மைக்ரோசாஃப்ட் 365ஐ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் முதலில் சிபாரிசு செய்தேன். எப்போதும் புதுசு, பத்திரமாக மேலே சேமித்துவைக்கும், இத்யாதி. பொறுமையாகக் கேட்டார்.

"ஏப்ரல் பதினஞ்சுலேந்து ஜூன் பதினாலு வரைக்கும் தடைக்காலம் சார். அறுபத்தொரு நாள். போட்டு எல்லாம் கரையில. கணக்கு எழுத எவன் வருவான்? அந்த ரெண்டு மாசம் சந்தா நிக்குமா?"

நிற்காது. கட்டாமல் விட்டால் ஃபைலைத் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்த முடியாது, புதிதாக எழுத முடியாது. இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பதிப்புகளைத் தரம் பிரிக்க அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு பதிப்பு தோன்றவில்லை.

திரை விலகியது. காலேஜ் படிக்கும் பெண், கையில் காபி டம்ளரோடு. "நைனா, எந்திரி. நாளைக்கு சப்மிஷன்."

அவர் படகுக் கணக்கை சேவ் செய்து, பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்தார். அவள் உட்கார்ந்து பவர்பாயின்ட்டைத் திறந்தாள். என் வஞ்சிரம் வெட்டியாகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். இன்னும் நாலு பேர்.