ஒற்றைக் காலில் நின்றவன்

ஆங்கிலத்தில் 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்று ஒரு விசேஷணம் உண்டு. அகராதியைப் புரட்டினால் 'உறுதியான' என்று அர்த்தம் போட்டிருக்கும். 'ஃபர்ம்', 'ஸ்டான்ச்', 'ரெஸல்யூட்' ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான் கிடைக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. எனக்குப் போதவில்லை. இந்தப் பேதத்தில் ஒரு கதையின் உயிரே அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு, டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸன் 1838-ல் வெளியிட்ட ஈயச் சிப்பாய் கதையே சாட்சி.

பழைய ஈயக் கரண்டியை உருக்கி 25 பொம்மைச் சிப்பாய்களை வார்த்தார்கள். கடைசிச் சிப்பாய்க்கு ஈயம் போதாமல் ஒரு கால் இல்லாமற் போயிற்று. எதிரே காகிதத்தில் ஒரு நாட்டியக்காரி. அவள் ஒரு காலை மிகவும் உயரத் தூக்கியிருந்ததால், அவளும் தன்னைப் போல ஒற்றைக் காலி என்று எண்ணி அவளிடம் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறான். பிறகு ஜன்னலிலிருந்து தெருவில் விழுகிறான். காகிதக் கப்பலேறிச் சாக்கடையில் போகிறான். மீன் வயிற்றுக்குள் கிடந்து, அதே வீட்டுச் சமையலறைக்குத் திரும்புகிறான். ஒரு பையன் காரணமில்லாமல் அவனைக் கணப்படுப்பில் வீசுகிறான். காற்றில் பறந்து வந்த நாட்டியக்காரியும் அதிலேயே எரிந்துபோகிறாள். மறுநாள் சாம்பலில் இருதய வடிவில் ஒரு ஈயத்துண்டு கிடக்கிறது.

இவனுக்கு என்ன விசேஷணம் போடுவது? ஆங்கிலத்தில் ஒருவர் 'பிரேவ்' என்றார். வீரம் என்றால் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும். இவன் எதுவுமே செய்யவில்லை. இன்னொருவர் 'ஹார்டி' என்றார். அது எதையும் தாங்கும் கட்டுடலுக்குச் சொல்வது. ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்தவர்களைக் கேளுங்கள், அதன் கட்டுடலைப் பற்றிச் சொல்வார்கள்! 'கான்ஸ்டன்ட்' என்றவர் கொஞ்சம் நெருங்கி வந்தார். ஆனால் அது மாறாத அன்பை மட்டும் சொல்கிறது. ஆண்டர்ஸன் டேனிஷ் பாஷையில் போட்ட சொல் 'நிற்றல்' என்ற வேரிலிருந்து வந்தது. 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்பதிலோ முற்பாதிக்கு இடம் என்றும், பிற்பாதிக்கு இறுகப் பொருந்தியது என்றும் பொருள். நின்ற இடத்தைவிட்டு அசையாதவன். ஊரெல்லாம் அடித்துக்கொண்டு போகப்பட்ட ஒருவனுக்கு இந்தப் பெயர்! அசையாத இடம் அவனுக்குள்ளேதான் இருந்தது என்பதை இந்த ஒரு சொல் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

தமிழில் 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்றால் பிடிவாதக்காரன் என்று அர்த்தம். அப்படி நிற்பவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும். பிள்ளைக்கு மிட்டாய், தவசிக்கு வரம். சிப்பாய் எதையும் கேட்பதில்லை. தெருவில் வேலைக்காரியும் பையனும் அவனைத் தேடி, மிதிக்காத குறையாக நெருங்கி வருகிறார்கள். 'இதோ இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். ராணுவ உடுப்பில் இருப்பவன் கூச்சல் போடுவது அழகல்ல என்று வாயை மூடிக்கொள்கிறான்.

இது பெருந்தன்மையா, அசட்டுத்தனமா? ஆண்டர்ஸன் தீர்ப்புச் சொல்லவில்லை. 'வீர' என்று தலைப்பிடுகிறவர் முதல் வரிக்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிடுகிறார். வாசகனுக்கு வேலை இல்லை. என்னைக் கேட்டால் தமிழில் 'நிலை குலையாத' என்பேன். நிலை என்பதில் இடமும் இருக்கிறது, நிற்பதும் இருக்கிறது. பாராட்டு மட்டும் இல்லை.

'உறுதி படைத்த உள்ளம்', 'இரும்பு நெஞ்சம்' என்று கதாநாயகர்களுக்கு நற்சான்று எழுதுவது நம் கதைகளில் மலிந்துவிட்டது. நற்சான்றை வாங்கிக்கொண்டவன் அப்புறம் எதைச் செய்தாலும் சரியாகிவிடுகிறது. விசேஷணத்தின் வேலை ஆள் எப்படி நிற்கிறான் என்று காட்டுவது. அவன் நின்றது சரிதானா என்பது படிக்கிறவர் பாடு.