நூலகமும் இனப்படுகொலை வரலாறும்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் செல்லும் மாணவர் தொகை பெரிதன்று. அவர்களுட் சிலர் விடுமுறையில் வந்து நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றுண்டு: "கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் ஆயிரமாயிரமாய் மடிந்தார்களே, அது இனப்படுகொலை ஆகாதா, சேர்?" மேடைப் பேச்சாளர் இதற்கு நொடியில் விடை கூறிவிடுவர். ஆசிரியர்களாகிய நாம் அவ்வாறு செய்தலாகாது. விடை நூலகத்திலே தேடப்பட வேண்டியது. அந்த நூலகத்தை எவ்வாறு படிப்பது என்பதே முதற்கண் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின் 1944-ல் வெளியிட்ட நூலிலே இச்சொல்லின் ஆங்கில மூலத்தைப் படைத்தார். 1948 டிசம்பர் 9-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனைச் சட்டச் சொல்லாக்கியது. தேசிய, இன, நிற, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் செயல்களே இனப்படுகொலை என்பது அவ்வரைவிலக்கணம். அரசியற் குழுக்கள் அதிற் சேர்க்கப்படவில்லை. அதை எதிர்த்த நாடுகளுள் சோவியத் யூனியனும் ஒன்று. இதனால், 1965-66-ல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் கொன்று குவிக்கப்பட்டமை இவ்விலக்கணத்துள் எளிதில் அடங்குவதில்லை. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கொலைகளுள்ளும், வியட்நாமியருக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் எதிரானவற்றையே 2018-ல் நீதிமன்றம் இனப்படுகொலை எனத் தீர்த்தது. இந்தோனேசியாவை உரக்கப் பேசிக் கம்போடியாவை மறைப்போமாயின், முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

அடுத்தது நூல்களின் அடுக்கு. தூயி தசமப் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களில் இனப்படுகொலை பற்றிய பொது நூல்கள் 304 என்னும் எண்ணின் கீழ், மக்கட்தொகை பற்றிய நூல்களோடு நிற்கும். யூதர் அழிப்பு 940-ல், இரண்டாம் உலகப்போரோடு சேர்ந்திருக்கும். கோப்பியோ 633-ல், பயிர்களுள் ஒன்று. இவ்வகுப்பு எவரது சதியுமன்று, வசதி கருதியது. எனினும் ஒரே அடுக்கின் முன் நின்று படிக்கும் மாணவன், பயிரின் வரலாற்றைக் காண்பான். பயிரிட்டவனின் மரணத்தைக் காணமாட்டான். இறப்பைத் தேடுவோர் அடுக்குகளைக் கடந்து நடக்க வேண்டும்.

மூன்றாவதாக, எழுதியவன் யார் என்று கேட்டல் வேண்டும். தென்மேற்கு ஆபிரிக்காவில் 1904 அக்டோபர் 2-ல் ஜெர்மன் தளபதி பொன் ட்ரோத்தா, ஹெரேரோ மக்களை அழிக்கும் கட்டளையை எழுத்திலேயே பிறப்பித்தான். அக்கொடுமைகளை 1918-ல் அறிக்கையாகத் தொகுத்தவர்கள் அந்நாட்டைக் கைப்பற்றியிருந்த பிரித்தானியத் தரப்பினர். ஜெர்மனிக்கு அக்குடியேற்றம் மீளக்கூடாது என்பதும் அவர்களது அக்கறையாகும். 1926-ல், வெள்ளையரின் ஒற்றுமைக்கு ஊறு என்று கருதி, அவ்வறிக்கையின் பிரதிகளை அழிக்க முடிவு செய்தனர். ஒரு நூல் பிறந்த காரணமும் அழிக்கப்பட்ட காரணமும் அரசியலே. அதனால் அதிலுள்ள சாட்சியம் பொய்யாகிவிடாது. சாட்சியத்தையும் தொகுத்தவனின் நோக்கத்தையும் பிரித்தறிவதே விமர்சனம்.

இனி நம் வினாவுக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாயினர். 1841 முதல் 1849 வரை எழுபதாயிரம்பேர், வந்தவருள் நூற்றுக்கு 25 பேர், இறந்தனர் என அன்றைய கொழும்பு ஒப்சேவர் மதிப்பிட்டது. இத்தொகையையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாகாது. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையைக் கழித்து இறப்பைக் கணிப்போமாயின், இங்கேயே தங்கியவரும் பதிவின்றித் திரும்பியவரும் இறந்தோராகிவிடுவர். ஆனால் திருத்தமான கணக்கு இல்லாமற்போனதே ஒரு சாட்சியமாகும். கோப்பி மூடைகளை எண்ணியவர்கள் அவற்றைச் சுமந்தவர்களை அவ்வாறு எண்ணவில்லை.

இது இனப்படுகொலையா? 1948 இலக்கணப்படி அன்று என்பதே நமது முடிபு. துரைமாருக்கு உழைக்கும் கை வேண்டியிருந்தது; அக்குலத்தை அழிக்கும் நோக்கத்துக்கு நாம் படித்தவற்றுள் சான்றில்லை. வழியில் ஒரு மடமோ மருந்தோ அமைப்பதைவிட அடுத்த கூட்டத்தை வரவழைப்பது மலிவாக இருந்தது. இலாபத்துக்காகச் சாகவிடுதல் என்பதே அதன் பெயர். இப்பெயர் குற்றத்தைக் குறைப்பதன்று. குற்றவாளியைச் சரியாகச் சுட்டுவதாகும். ஐ.நா. சபை அவ்வொப்பந்தத்தை ஏற்பதற்கு ஒரு மாதத்துக்குள்ளாக, 1948 நவம்பர் 15-ல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது எவர் உயிரையும் பறிக்கவில்லை. ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதற்கும் அதன் சொந்தப் பெயரே பொருந்தும். 1983 ஜூலையையும் 2009 முள்ளிவாய்க்காலையும் ஆராய்வோர் நோக்கம், செயல், சான்று ஆகிய மூன்றையும் இதே கண்டிப்போடு தேட வேண்டும். சொல்லை வீசியெறிவோரும் சொல்லுக்கு அஞ்சி ஒளிவோரும் இறந்தவர்களுக்கு ஒரே தீங்கையே செய்கின்றனர்.

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகத்தின் வலிமையை எரித்தவர்கள் அறிந்திருந்தார்கள். படிப்பவர்களாகிய நாம் அறிந்திருக்கிறோமா? வார்சோ யூதச் சேரியில் ரிங்கல்புளூமும் தோழர்களும் தம் மக்களின் அன்றாடத்தை எழுதிப் பெட்டிகளிலும் பாற்கேன்களிலும் புதைத்தனர். 1946-லும் 1950-லும் தோண்டியெடுக்கப்பட்டவை இன்று வரலாற்றின் மூலங்கள். நம் லயங்களில் பழைய செக்ரோல் புத்தகங்களும், பிரஜாவுரிமைக் கடிதங்களும், பாட்டிமாரின் நினைவுகளும் இன்னும் எஞ்சியுள்ளன. பேராதனைக்குச் செல்லும் மாணவன் அங்கிருந்து குறிப்பெடுத்து வந்தால் மட்டும் போதாது. அங்கே இல்லாததை இங்கிருந்து எழுதிக் கொண்டுபோகவும் வேண்டும்.