தன்னலமற்ற அன்பு: ஒரு கோட்பாடும் பரங்கிப்பேட்டையும்

தன்னலமற்ற அன்பைக் குறித்து நம் மாணவர் எழுதும் விடைத்தாள்களிலும், நம் பிரசங்க பீடங்களிலும் ஒரு நூலின் குரல் இன்றும் ஒலிக்கிறது. சுவீடன் நாட்டு லுத்தரன் இறையியலறிஞர் ஆண்டர்ஸ் நிகிரென் 1930-லும் 1936-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘ஏரோஸும் அகாப்பேயும்’ என்பதே அந்நூல். ஏரோஸ், தன் நிறைவை நாடி மேலேறும் வேட்கை. அகாப்பே, தகுதி பாராது கீழிறங்கும் தெய்வ அன்பு. இவ்விரண்டும் ஒருபோதும் இணங்கா என்பது ஆசிரியரின் துணிபு. கிருபை கைம்மாறு கருதாத கொடை என்பதை நிலைநாட்டியதில் இந்நூல் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் மூன்று இடங்களில் நாம் ஆராயாமலே தலையசைத்துவிட்டோம் என அஞ்சுகிறேன்.

முதலாவது, சொல். ‘அகாப்பே’ என்ற சொல்லிலேயே தெய்வீகம் உறைகிறது என்று நிகிரெனைப் பின்பற்றுவோர் பலர் போதிக்கின்றனர். ஆனால் தாமார்மேல் அம்னோன் கொண்ட தகாத இச்சைக்கும் (2 சாமு. 13) கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இச்சொல்லையே வழங்குகிறது. தேமா இவ்வுலகத்தின்மேல் வைத்த ஆசையைக் குறிப்பதும் இதன் வினையே (2 தீமோ. 4:10). பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் ஓரிடத்தில் இவ்வினையாலும் (3:35), வேறோரிடத்தில் ‘பிலேயோ’ என்னும் வினையாலும் (5:20) உரைக்கிறார். ஆதலின் அன்பின் தூய்மையைச் சிலுவையில் காண வேண்டுமேயன்றி அகராதியில் தேடலாகாது.

இரண்டாவது, கிறிஸ்தவன் தெய்வ அன்பு பாய்ந்து செல்லும் வெறும் குழாய் என்னும் கருத்து. லுத்தரின் உவமையை நிகிரென் இங்கே எடுத்தாள்கிறார். பெருமைக்கு இடமின்றிச் செய்யும் நல்ல உவமைதான். ஆயினும் குழாய்க்கு நெஞ்சுருகத் தெரியாது. நல்ல சமாரியனோ அடிபட்டவனைக் கண்டான், மனதுருகினான், அதன் பின்னரே அருகே சென்றான் (லூக். 10:33, 34). அருளை அன்பு ஈன்ற குழந்தையாகக் காணும் திருக்குறளும் (757) இவ்வுண்மைக்கு அண்மையில் நிற்கிறது. உற்றாரிடம் தொடங்கும் அன்பே எவ்வுயிர்க்கும் உரிய அருளாக வளர்கிறது.

மூன்றாவது, தன்னன்புக்கு நிகிரென் சற்றும் இடம் தருவதில்லை. இப்போதனை யார் செவியில் விழுகிறது என எண்ணிப் பார்ப்போமாக. தனக்கென ஒருபிடி சோறும் ஒதுக்காத தாய்மாரிடமும், கூலியில் பாதியை இழந்து நிற்கும் உழைப்பாளியிடமும் ‘உன்னை வெறுத்துவிடு’ என நாம் முழங்குவது நற்செய்தியாகுமா? கிறிஸ்து தம் ஜீவனை ஒருவரும் பறித்துக்கொள்ளவில்லை என்றும், தாமே அதைக் கொடுப்பதாகவும் உரைத்தார் (யோவா. 10:18). பறிகொடுத்தல் வேறு, கொடுத்தல் வேறு. இவ்வேற்றுமையை மறைக்கும் அருளுரை பறிப்பவனுக்கே துணைபோகும்.

இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாளாகிய ஞாயிறன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்திலுள்ள பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலிருந்து மக்கள் ஊருக்குள் ஓடிவந்தபோது, அவ்வூர் இஸ்லாமிய ஜமாஅத்தார் அடைக்கலமும் உணவும் அளித்தனர். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அங்கே மதமாற்றப் பேச்சு எழவில்லை. தகுதி பாராத கொடை என நிகிரென் போற்றுவது அங்கு நிகழ்ந்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் குழாய்கள் அல்லர்; ஒரே கரையில் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்த அண்டை வீட்டார். அயலுறவின் பாசம் அவர்கள் கொடையை மாசுபடுத்தவில்லை. அதுவே கொடை சென்ற வழியாயிற்று.

சமாரியனை முன்மாதிரியாக நிறுத்திய ஆண்டவர், அன்பு நம் தொழுவத்துக்கு மட்டும் உரிய உடைமையன்று என்பதையும் அன்றே காட்டினார். அன்றி, துயருற்றோருக்கு உதவி ஏந்திச் செல்கையில் நம் சபையின் பெயர்ப்பலகையையும் ஏந்திச் செல்லும் நாம், நம் கைம்மாறற்ற அன்பைப் பற்றி அடக்கமாகவே பேசுதல் தகும்.

மாணவர்காள், நிகிரெனைப் படியுங்கள். அவரிடம் கற்க வேண்டியது இன்னும் உண்டு. ஆனால் விடைத்தாளில் ‘அகாப்பே’ என்றெழுதி அடிக்கோடிடுமுன், ஒருமுறை பரங்கிப்பேட்டைக்குச் சென்று வாருங்கள்.