மெடலைப் பிடித்துக்கொண்டு மாலுமியைத் தேடுவது

"எங்க கொள்ளுத்தாத்தா கப்பல்ல வேலை செஞ்சார், உலகப்போர்ல மெடல் வாங்கினார்." குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஆரம்பிக்கும் வரிகளில் இது ரொம்பப் பழக்கமானது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடலில் இருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே, தறிச் சத்தத்தில் வாழ்கிற ஆரணியில் ஒரு பட்டு நெசவுக் குடும்பம் சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேட்கணும். பொய் என்று சந்தேகப்படுவதற்காக இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குள் கப்பல், வேலை, மெடல் என்று மூன்று தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். நம் ஆட்கள் எழுதும் வம்சவரலாறுகளில் பெரும்பாலும் மூன்றாவதை வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். என்னுடைய குறை அதுதான்.

முதலில் கப்பல். "கப்பலுக்குப் போனார்" என்கிற நம்ம ஊர்ப் பேச்சுக்கு எத்தனை அர்த்தம் பாருங்க. ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவரும், பினாங்குத் தோட்டத்துக்குக் கங்காணியோடு போனவரும், பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவில் இறங்கியவரும் எல்லாருமே கப்பலுக்குப் போனவர்கள்தான். இரண்டு தலைமுறை கழிந்தால் பயணியும் சிப்பாயும் மாலுமியும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அதுவும் ஆரணி இருந்தது பழைய வட ஆற்காடு மாவட்டத்தில். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பேர்போன வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை இங்கிருந்து கிட்டத்தில்தான். ஆகவே இந்தப் பகுதியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு போர்ப் பதக்கம் வெளியே வந்தால், முதல் ஊகம் சிப்பாய் என்பதாகத்தான் இருக்கணும். மாலுமி என்பது நிரூபிக்க வேண்டிய ஊகம்.

அடுத்து மெடல். இரண்டாம் உலகப்போரின் பதக்கங்களில் மிகப் பெரும்பாலானவை வீரத்துக்குக் கொடுத்தவை இல்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலம் பணியில் இருந்ததற்குக் கொடுத்தவை. ஆறு முனை நட்சத்திரம், நடுவில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் முத்திரை எழுத்துகள். 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார் இரண்டும் சிப்பாய்க்கும் உண்டு, வணிகக் கப்பல் மாலுமிக்கும் உண்டு. அட்லாண்டிக் ஸ்டார் இருந்தால் கடலோடு சம்பந்தம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பின்பக்கம் இந்திய வரைபடம் போட்ட இந்தியா சர்வீஸ் மெடல் இருந்தால் கதை மாறிவிடும். அது இந்தியப் படைகளில் மூன்று வருஷம் இருந்தவர்களுக்கானது. போதாக்குறைக்கு, பிரிட்டன் வெளியிட்ட நட்சத்திரங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே வந்தன. பெயர் இல்லாத ஒரு பித்தளை நிற நட்சத்திரம் யாருடைய தாத்தாவுக்கும் பொருந்தும்.

முதல் உலகப்போரில் நிலைமை கொஞ்சம் தேவலை. மெர்க்கன்டைல் மரைன் வார் மெடல் என்று வணிக மாலுமிகளுக்கென்றே ஒரு வெண்கலப் பதக்கம் இருந்தது. நாடாவில் பச்சை, வெள்ளை, சிவப்பு: கப்பலின் வலப்பக்க விளக்கு, பாய்மர உச்சி விளக்கு, இடப்பக்க விளக்கு. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தார்கள். விளிம்பில் பெயர் உண்டு, ஆனால் பெயர் மட்டும்தான். கப்பல் பெயரோ பதவியோ இருக்காது.

வீரத்துக்கான விருது என்பது வேறு வகை. பிரிட்டிஷ் எம்பயர் மெடல், 1940இல் லாயிட்ஸ் நிறுவனம் தொடங்கிய கடல் வீரப் பதக்கம் போன்றவை. இவற்றுக்கு யாரோ ஒருவர் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். கப்பல் மூழ்கும்போது யார் என்ன செய்தார் என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடியவர் யார்? உயிர்தப்பிய வெள்ளை அதிகாரி. எஞ்சின் அறையில் இருந்த கலாசியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆக, விருதுப் பட்டியலில் இல்லை என்பதாலே ஒருவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகாது. பட்டியலை வைத்து ஆளை எடைபோடுகிற எழுத்துக்கு இதுதான் என் முக்கியமான ஆட்சேபம்.

இதற்கு நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ரோனா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி மெட்ராஸ்–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் தடத்துக்காக 1926இல் கட்டிய இரட்டைக் கப்பல்களில் ஒன்று. மற்றொன்று ரஜூலா. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் குடும்பங்களில் ரஜூலாவைத் தெரியாத பெரியவர்கள் குறைவு. ரோனாவை 1940இல் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானத்தில் இருந்து ரேடியோவால் செலுத்தப்பட்ட சறுக்குக் குண்டு தாக்கி மூழ்கியது. செத்தவர்கள் ஆயிரத்து நூறுக்கும் மேல். அதில் 1,015 பேர் அமெரிக்கத் துருப்பினர். கப்பல் ஊழியர்களில் நூறுக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் இந்தியர்கள்.

அமெரிக்க அரசு இந்தச் சம்பவத்தின் விவரங்களைப் பல பத்தாண்டுகள் வெளியே விடவில்லை. பிறகு உயிர்தப்பியவர்களும் செத்தவர்களின் பிள்ளைகளும் சங்கம் அமைத்து, காகிதங்களைக் கேட்டு வாங்கி, 1990களில் அலபாமாவில் நினைவுச்சின்னம் வைத்தார்கள். கார்ல்டன் ஜாக்சனின் புத்தகம் 1997இல் வந்தது. குடும்ப வரலாற்றுத் தேடல் அரசின் மௌனத்தையே உடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கஷ்டம். மனதார மதிக்கிறேன்.

ஆனால் அந்த நினைவுக்கூறல்களில் ஒரு குரல் திரும்பத் திரும்ப வரும்: இந்திய ஊழியர்கள் எங்களை விட்டுவிட்டுப் படகில் ஏறிவிட்டார்கள், படகுகளைச் சரியாக வைத்திருக்கவில்லை. இருக்கலாம். நடுக்கடலில், எரிகிற கப்பலில், பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். பல படகுகளை இறக்கவே முடியவில்லை என்பதும் உண்மை. அந்தப் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பா, கேப்டன் பொறுப்பா, கலாசி பொறுப்பா என்று கேட்காமல், குற்றச்சாட்டு நேராக லஸ்கர் தலையில் போய் உட்காருகிறது. ஊழியர்களில் பாதிக்கும் மேல் செத்தார்கள் என்ற கணக்கை அந்தக் குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டாமா? பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் சங்கம் இல்லை, புத்தகம் இல்லை, பேரன் பேத்தி யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு தரப்பு மட்டும் பேசும் வழக்கில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிடுகிறது.

ஏன் தெரியாது என்பதற்கு விடை பதிவேடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் வெண்கலப் பலகைகள் கப்பல்வாரியாக இருக்கும்; கேப்டன் பெயர் முதலில், பிறகு மற்றவர்கள். அதே கப்பலில் செத்த இந்திய மாலுமியின் பெயர் அங்கே இராது. இரண்டாம் போரில் கடலே கல்லறையான சுமார் ஆறாயிரம் இந்திய வணிக மாலுமிகளின் பெயர்கள் சிட்டகாங் போர்க் கல்லறையில் வைத்த நினைவுப் புத்தகத்தில் உள்ளன. ஒரு பிரதி மும்பையில். கப்பல் ஒன்று, குண்டு ஒன்று, பெயர்கள் மட்டும் இரண்டு கண்டங்களில். முதல் போருக்குக் கொல்கத்தா ஹூக்ளிக் கரையில் 1924இல் எழுப்பிய லஸ்கர் நினைவுக் கோபுரத்தில் 896 பேர் என்ற எண் கிடைக்கும். எண்ணை வைத்து வம்சாவளி எழுத முடியாது.

பெயர் இருந்தாலும் சிக்கல் தீராது. நமக்கு அப்பா பெயர் இனிஷியல். ஆங்கிலப் படிவத்துக்குக் குடும்பப்பெயர் வேணும். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதுவார். ஆள் சேர்ப்பது சேராங்கின் வேலை. தன் ஊர், தன் உறவு என்று கூட்டி வருவார். பி.ஐ. கம்பெனிக்குப் பெரும்பாலும் வங்கத்துச் சேராங்குகள், சமையல் பக்கம் கோவாக்காரர்கள். நாகப்பட்டினத்துக்காகக் கட்டிய கப்பல் என்பதால் ஊழியர்களும் தமிழர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழர்கள் அதில் ஏறியது அதிகமும் டெக் பயணிகளாகத்தான்.

அப்படியானால் ஆரணிக் குடும்பம் எதைத் தேடணும்? மெடலை ஒரு ஓரமாக வையுங்கள். மாலுமிகள் இன்றும் சிடிசி என்று சொல்கிற பணிச்சான்று நூல், வங்கத்தில் 'நலி' என்பார்கள், அது பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். அப்பா பெயர், ஊர், அங்க அடையாளம், ஏறிய கப்பல், இறங்கிய தேதி எல்லாம் இருக்கக்கூடிய ஒரே காகிதம் அது. அதில் கிடைக்கும் கப்பல் பெயரை வைத்துக்கொண்டு பதிவேடுகளுக்குப் போனால், ஆள் பெயரைத் தேடுவதைவிடப் பலன் அதிகம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் இலவசம். உயிரோடு திரும்பியவர் அங்கே இருக்க மாட்டார். இது தெரியாமலே நிறைய பேர் வாரக்கணக்கில் அங்கே தேடுகிறார்கள்.

இன்னொரு இடமும் உண்டு. 1939 இலையுதிர் காலத்தில், போர் ஆரம்பித்த கையோடு, பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளை மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இவர்களுக்கு இல்லை. கண்ணிவெடியும் டார்பிடோவும் மட்டும் சமம். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், கடைசியில் கூலியும் உயர்ந்தது. கொள்ளுத்தாத்தா உண்மையிலேயே கப்பலில் இருந்திருந்தால், அவர் பெயர் விருதுப் பட்டியலில் இருப்பதைவிட அந்த வழக்குக் காகிதங்களிலோ சம்பளக் கணக்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சிறைக்குப் போன தாத்தாவைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்ட நமக்குக் கொஞ்சம் கூச்சம்.