கூலியா, சகாயமா?

2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு, நிலையங்களில் சுமை தூக்குவோரைக் ‘கூலி’ என்றழைப்பதை மாற்றி ‘சகாயக்’ ஆக்கினார். இழிவைத் துடைக்கத்தான். ஆனால் சகாயம் என்றால் உதவி. வேளாங்கண்ணியில் வந்திறங்கும் பெண்கள் மாதாவிடம் வேண்டுவது சகாயம். மூட்டை தூக்கியவருக்குத் தரவேண்டியது கூலி. உரிமம், கைவில்லை, கட்டண விகிதம் எல்லாம் ரயில்வே வகுத்தவை. சம்பளம் மட்டும் கிடையாது.

உதவி என்ற பெயரின் விலை பெண்களுக்குத் தெரியும். வீட்டில் நாம் சுமப்பதெல்லாம் ‘ஒத்தாசை’தானே! கணக்கில் வராது.

டெல்டாவின் நடவுப் பெண்கள் கூலி என்ற சொல்லைக் கூசாமல், உரக்கக் கேட்டவர்கள். வேளாங்கண்ணி இருக்கும் இதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின்போது 1968 டிசம்பர் 25 இரவு தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.