விளக்கு ஏந்தும் பாவை, வெடி சுற்றும் பெண்

கிரேக்கக் கலை வரலாறு என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏதென்ஸ் நகரத்து எரெக்தியான் கோவில் வந்துவிடும். தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பெண்கள் நிற்கிறார்கள். கல்கூரை அவர்கள் தலையில். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஒரு முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. பாரம் தாங்கும் காலின் மேல் ஆடை மடிப்பு தூணின் வரிப்பள்ளம் போல நேராக விழுகிறது. முகத்தில் சுமையின் தடயமே இல்லை. கலை வரலாற்றாசிரியர்கள் வியப்பதும் இதைத்தான்: இவ்வளவு பாரத்தை எவ்வளவு எளிதாகத் தாங்குகிறார்கள்! எனக்கு இந்த வியப்பின் மேல்தான் சந்தேகம். நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பாராட்டு இது.

அந்தக் கோவிலின் கட்டுமானக் கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதில் இந்தச் சிலைகளுக்குக் ‘கொராய்’, அதாவது கன்னிப் பெண்கள், என்றுதான் பெயர். சுமார் நானூறு ஆண்டு கழித்து ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் வேறு கதை சொல்கிறார். காரியா என்ற ஊர் பாரசீகருடன் சேர்ந்துகொண்டதாம்; கிரேக்கர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை அடிமைகளாக்கினார்களாம்; அந்த அவமானம் என்றைக்கும் நிலைக்கட்டும் என்று சுமை தாங்கும் பெண்ணுருவைக் கட்டடங்களில் வைத்தார்களாம். எரெக்தியானுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பவர்கள் உண்டு. ஆனாலும் ‘காரியாடிட்’ என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ஊர் எடுத்த முடிவுக்குத் தண்டனை பெண் தலையில். அதைக் கலைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம்.

ரோமானியச் சரக்கு நம் கரைக்கு வந்தபோது இந்தப் பெண்ணும் வந்தாள். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனையில் எரிவது யவனர் செய்த பாவை விளக்கு, கையில் அகல் ஏந்தி நிற்கும் பெண்ணுருவம். வைகை கடலில் சேரும் இடத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசும் மட்பாண்டமும் கிடைத்திருப்பதால் இதைப் புலவரின் கற்பனை என்று தள்ள வேண்டியதில்லை. நம் அறிஞர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் வாணிபச் சான்றாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அந்த மாளிகையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போருக்குப் போன கணவனை எண்ணித் தூங்காத அரசி. இரவெல்லாம் கை தாழாத பாவை. நெய் தீரத் தீர வார்க்கிற கை யாருடையது என்று பாட்டு சொல்வதில்லை. முல்லைப்பாட்டு சொல்கிறது: பாசறையில், கச்சில் வாள் கட்டிய பெண்கள், விளக்கு அணைய அணைய மறுபடி ஏற்றுகிறார்கள். பத்துப்பாட்டில் எனக்குப் பிடித்த பெண்கள் இவர்கள். பெயர் இல்லை, ஆனால் இவர்கள் பார்த்த இரவு வேலையாவது பதிவாகியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒருத்தி போனாள். 1938இல் பொம்பெயி இடிபாட்டில் ஓர் இந்தியத் தந்தச் சிலை கிடைத்தது. ஒரு சாண் உயரம்தான். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்தவள். முதலில் லட்சுமி என்றார்கள், பிற்பாடு யட்சி என்றார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் அவளைப் பொம்பெயியின் காமச் சித்திரங்களோடு சேர்த்து ‘ரகசிய அறை’யில் வைத்தது. என் கண் போவது அவள் உச்சந்தலைத் துளைக்கு. ஏதோ ஒரு சிறு மேசைக்குக் காலாகவோ, சாமானுக்குப் பிடியாகவோ இருந்திருக்கிறாள். இவளும் தாங்கியவள்தான்.

வெறுங்கையோடு நிற்கும் பெண்ணைப் பார்க்க ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறைக்குப் போக வேண்டும். 3ஆம் நூற்றாண்டு ஓவியம். முக்காடிட்ட பெண் இரு கைகளையும் உயர்த்தி ஜெபிக்கிறாள். உள்ளங்கைகள் காலி. அவளுக்குப் பக்கத்துக் காட்சி திருமணமா, குருப்பட்டமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.

விருதுநகரில் உட்கார்ந்து எழுதும்போது லட்சுமி என்ற பெயரைச் சும்மா கடக்க முடியாது. நாட்டுக்கே லட்சுமியை அச்சடித்துக் கொடுத்தது சிவகாசி. அந்த லட்சுமியின் உடம்பில் கிரேக்கமும் உண்டு. காலனியக் கலைப் பள்ளிகளில் கிரேக்க, ரோமானியச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளை வைத்துத்தான் உடலை வரையப் பழக்கினார்கள். சென்னைக் கலைப் பள்ளியில் படித்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி காலண்டர்களாக வீடுவீடாகப் போயின. வெளிச்சம் விழுந்த கன்னம், ஒசிந்த இடுப்பு, அலுப்பே தெரியாத முகம். எனக்கு அது எரெக்தியான் முகம்.

லட்சுமி வெடியின் மேலும் அவள் படம்தான். சாமி படத்தை வெடிக்கலாமா, சிதறிய காகிதத்தைக் காலில் மிதிக்கலாமா என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கவலை படத்தைத் தாண்டி, படத்தை ஒட்டிய கைக்கு வருவதில்லை. காகிதம் சுற்றுவதும் சரம் பின்னுவதும் லேபிள் ஒட்டுவதும் டப்பா அடைப்பதும் இங்கே பெரும்பாலும் பெண்கள். பலருக்குக் கூலி உருப்படிக் கணக்கில். எரெக்தியானில் கல் செதுக்கியவர்களுக்கு நாள் கூலி ஒரு திராக்மா, குடிமகனுக்கும் அடிமைக்கும் ஒரே கூலி என்பதை 2,400 ஆண்டுக்குப் பிறகும் கல்வெட்டில் படிக்க முடிகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பெண்களும்தான். அவர்கள் அதுவரை எத்தனை உருப்படி சுற்றியிருந்தார்கள், அதற்கு எவ்வளவு கூலி பாக்கி என்ற கணக்கை எந்தக் கல்லில் தேடுவது?